ஆயில் எங்கே போனது?

பல வாரம் ஓடாமல் நின்ற பழைய புல்லட்டின் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் ஆயில் அடியில்தான் தொட்டுக்கொண்டிருக்கும். தரையில் ஒரு சொட்டுகூட இருக்காது. கம்பம் பள்ளத்தாக்கின் காமயகவுண்டன்பட்டியில் திராட்சை வெட்டு முடியும்வரை வீட்டோரம் நிற்கும் வண்டியிலும் இது நடக்கலாம். குறைந்துவிட்டதே என்று ஆயிலை ஊற்றிக் கிக்கரை உதைத்தால், பிரீதர் குழாய் வழியே அது கொப்பளித்து வெளியேறும். காணாமல் போன ஆயில் இன்ஜினுக்குள்ளேயே இடம் மாறிக் கிடந்ததுதான் காரணம்.

இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் பிறந்த இந்த வண்டிக்காக 1955-ல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தொடங்கப்பட்டது. 346 சிசி வார்ப்பிரும்பு இன்ஜினின் அடிப்படை அமைப்பு, அதன் திருவொற்றியூர் ஆலையில் அரை நூற்றாண்டுக்கு மேல் பெரிதாக மாறவில்லை.

அந்த அமைப்பில் ஆயில், கிராங்க் சுழலும் அறையில் தங்குவதில்லை. அதன் பின்புறம் அதே வார்ப்பில் அமைந்த தனி அறையே ஆயில் டேங்க். டைமிங் கவருக்குள் இரண்டு பம்புகள் உண்டு. ஒன்று டேங்கிலிருந்து ஆயிலை இழுத்து, ஃபில்டர் வழியாக கனெக்டிங் ராடின் பிக் எண்டுக்குத் தள்ளும். மற்றொன்று, கீழே வடிந்ததை அள்ளி டேங்குக்குத் திருப்பும். திருப்பும் பம்பின் கொள்ளளவு பெரியது. அதனால் வண்டி ஓடும்வரை கிராங்க் அறையில் ஆயில் தேங்காது. காற்றால் குளிரும் இன்ஜின் என்பதால், கம்பம் மெட்டு போன்ற ஏற்றங்களில் சூட்டைச் சுமந்து செல்வதும் இந்த ஆயில்தான்.

இன்ஜின் நின்றபின் ஆயிலைத் தடுத்து வைப்பது, பம்பின் வட்டத் தகடு தன் இருக்கையில் ஸ்பிரிங் அழுத்தத்தோடு பதிந்திருப்பது மட்டுமே. தேய்மானத்தால் அந்தப் பதிவு கெட்டால், புவியீர்ப்பு மெல்ல மெல்ல டேங்கின் ஆயிலைக் கிராங்க் அறைக்கு இறக்கிவிடும். பழைய ரேடியல் விமான இன்ஜின்களிலும் இதே தொல்லை உண்டு. கீழ்ச் சிலிண்டர்களில் ஆயில் இறங்கியிருக்கலாம் என்பதால், டகோட்டா விமானத்தைக் கிளப்புமுன் அதன் புரொப்பெல்லரைச் சுழற்றிப் பார்ப்பார்கள்.

எனவே இன்ஜினைச் சில நிமிடம் ஓட்டி, நிறுத்திய உடனே அளப்பதுதான் சரியான முறை. கிளப்புமுன்பே டிப்ஸ்டிக்கில் ஆயிலே படவில்லை என்றால், ஓட்டாமல் கிராங்க் அறையின் அடித்திருகைக் கழற்றி வடித்துவிட்டு, டேங்கில் புது ஆயிலை அளந்து ஊற்ற வேண்டும்.

ஆயில் அடிக்கடி இப்படி இறங்கினால் பம்பைத் திறக்கலாம். வட்டத் தகட்டில் நைஸான கிரைண்டிங் பேஸ்ட்டைத் துளியளவு தடவி, அதன் இருக்கையிலேயே வைத்துக் கையால் இப்படியும் அப்படியும் திருப்ப வேண்டும். இரண்டு முகமும் ஒரே சீராக மங்கலாகத் தெரிந்தால் போதும். பிறகு மண்ணெண்ணெயில் பலமுறை கழுவி, ஆயில் பாதைகளை ஊதிச் சுத்தம் செய்ய வேண்டும். மிஞ்சிய பேஸ்ட் பிக் எண்டுக்குப் போனால், சின்ன வேலை முழு இன்ஜின் வேலையாகிவிடும்.

மாட்டிய பின் ஃபில்டர் அறையை ஆயிலால் நிரப்புவது அவசியம். காற்று அடைத்தால் பம்ப் வெறுமனே ஆடும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, ராக்கருக்குப் போகும் குழாயின் போல்ட்டைத் தளர்த்தி, ஆயில் கசியும்வரை கிக்கரை உதைக்க வேண்டும். கசிந்ததும் போல்ட்டை இறுக்கி இன்ஜினைக் கிளப்பலாம்.

வடித்த கறுப்பு ஆயிலை இந்தியாவின் 2016-ம் ஆண்டுக் கழிவு மேலாண்மை விதிகள் அபாயக் கழிவாகக் கருதுகின்றன. அதைத் திராட்சைக் கொடியின் வேரடியிலோ வாய்க்காலிலோ கொட்டக் கூடாது. மூடிய கேனில் சேர்த்து, மறுசுழற்சிக்கு அனுப்பும் ஒர்க்‌ஷாப்பில் ஒப்படைக்க வேண்டும்.