ஒரு புள்ளியின் விலை

(இளம் அறிவியல் வேதியியல், இரண்டாம் ஆண்டு)

"அச்சில் வந்தது பொய்யாகாது" என்பது என் தந்தையாரின் நம்பிக்கை. அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆகவே தேநீர்க் கடையில் நாளேட்டை உரக்கப் படித்துக் காட்டுவது சிறு வயது முதல் என் வேலை.

நான் பத்தாம் வகுப்பில் இருந்தபோது, எங்கள் ஊர் ஆழ்துளைக் கிணற்று நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் ஃபுளூரைடு இருப்பதாகச் செய்தி வந்தது. தருமபுரி மாவட்டத்தாருக்கு இச்சொல் புதிதன்று. பல் கறுத்தோரையும் எலும்பு வளைந்தோரையும் கண்டவர்கள் நாங்கள். 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்துவிட்டது. எனினும் குழாயில் நீர் வராத நாள்களில் அக்கிணறே எங்களுக்குத் துணை. செய்தியை நான் படித்த அன்றே ஊரார் கிணற்றைக் கைவிட்டனர். என் தாயார் பதினொரு நாள் இரண்டு கிலோமீட்டர் நடந்து நீர் சுமந்தார். பிறகு எங்கள் ஆசிரியர் ஆய்வறிக்கையைப் பார்த்து வந்து சொன்னார்: அதில் இருந்தது 0.5! சுழியமும் புள்ளியும் வழியில் உதிர்ந்துவிட்டன. மறுப்புச் செய்தி இரண்டே வரியில் ஒரு மூலையில் வந்தது.

செய்தி கொடுத்த பகுதிநேர நிருபரை அண்மையில் சந்தித்தேன். "போன்ல சொன்னாங்க, எழுதினேன் தம்பி. எனக்குச் சம்பளமில்லை, வரிக்குத்தான் காசு. மில்லிகிராம் கணக்கெல்லாம் யார் எனக்குச் சொல்லிக் கொடுத்தா?" என்றார். அவர்மீதிருந்த கோபம் அக்கணமே போய்விட்டது.

உள்ளூர் நிருபருக்கு வேண்டிய பயிற்சிதான் என்ன? முதலாவது, எண்ணை அதன் அளவையோடும் வரம்போடும் வைத்துப் பார்ப்பது. குடிநீரில் ஃபுளூரைடு 1 மில்லிகிராம் வரையிலும், வேறு நீர் கிடைக்காவிடில் 1.5 வரையிலும் இருக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். இதை அறிந்தவர் 5 என்றதும் திடுக்கிட்டு மீண்டும் கேட்டிருப்பார். இரண்டாவது, வாய்ச்சொல்லை விட்டு ஆவணத்தைத் தேடுவது. 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, 10 ரூபாய் கட்டணத்தில் அரசு அலுவலகத்தின் அறிக்கை நகலைக் கேட்கலாம். 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். உயிர் பற்றிய தகவலாயின் 48 மணி நேரத்தில். மூன்றாவது, எழுதுமுன் அவ்விடத்திற்கே சென்று மக்களிடம் பேசுவது.

பட்டம் பெற்றவர்க்கே இது கைவரும் என எண்ண வேண்டா. 2002-இல் உத்தரப் பிரதேசத்துச் சித்திரகூடத்தில் 'கபர் லகரியா' என்னும் செய்தித்தாள் தோன்றியது. தில்லியைச் சேர்ந்த 'நிரந்தர்' அமைப்பு, அதிகம் பள்ளி செல்லாத கிராமத்துப் பெண்களுக்குச் செய்தி சேகரிக்கவும் எழுதவும் பயிற்சி தந்தது. அவர்களில் பலர் தலித் பெண்கள். 2009-இல் யுனெஸ்கோவின் எழுத்தறிவுப் பரிசு அம்முயற்சிக்குக் கிடைத்தது.

நம் ஆய்வகத்தில் நீரைச் சோதிக்க நாம் கற்கிறோம். ஆண்டுக்கு ஒரு நாள் சுற்றுவட்டார நிருபர்களை இங்கு அழைத்து, ஆய்வறிக்கை படிக்கும் முறையைச் சொல்லித் தந்தால் என்ன? பெருஞ்செலவாகாது. அப்பா இன்றும் அச்செழுத்தை நம்புகிறார். அதைப் படித்துக் காட்டுபவன் இன்றும் நானே.