கிரீச் வேறு, டொக் வேறு

கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்பானாலும் சரி, தோட்டத்துக்கு உரமூட்டை சுமக்கும் பழைய மஹிந்திரா எம்.எம். 540 ஆனாலும் சரி, வயதான ஃபோர் வீல் டிரைவ் வண்டி கண்ணில் படுமுன்னே அதன் பட்டை ஸ்பிரிங் சத்தம் காதில் விழுந்துவிடும். நம் ஊரில் இதற்கு வழக்கமான வைத்தியம், வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் அடிப்பாகம் முழுக்கப் பழைய எஞ்சின் ஆயிலை அடித்துவிடுவது. சத்தம் கொஞ்ச நாள் அடங்கும், பிறகு திரும்பும். எந்த இடத்துச் சத்தம் என்று பார்க்காமலே எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தைக் கொடுப்பதுதான் இதிலுள்ள கோளாறு. பட்டை ஸ்பிரிங்கில் பொறுத்துக்கொள்ளக்கூடிய சத்தமும் உண்டு, வண்டியை உடனே நிறுத்திப் பார்க்க வேண்டிய சத்தமும் உண்டு. இரண்டையும் பிரித்தறியாமல் ஆயில் டப்பாவைத் தொடக்கூடாது.

ஸ்பிரிங் கட்டின் அமைப்பைப் பார்த்தால் இது விளங்கும். நீளம் குறைந்துகொண்டே போகும் எஃகுப் பட்டைகளை அடுக்கி, நடுவில் சென்டர் போல்ட்டால் கோத்து, யூ போல்ட் போட்டு ஆக்சிலோடு இறுக்கியிருப்பார்கள். மெயின் பட்டையின் ஒரு முனை சேஸிஸில் நிலையாக மாட்டியிருக்கும். மறுமுனை ஷாக்கிள் என்னும் ஆடும் இணைப்பில் இருக்கும். சக்கரம் மேட்டில் ஏறும்போது வளைந்த பட்டை நிமிர்ந்து நீளும். அதற்கு இடம் கொடுப்பது ஷாக்கிளின் வேலை. அப்போது பட்டைகளும் ஒன்றோடொன்று உரசி நகரும். அந்த நகர்வு சீராக வழுக்காமல் பிடித்துப் பிடித்து விடும்போது எழுவதே கிரீச். வண்டி துள்ளிக்கொண்டே இராமல் அடக்குவதில் இந்த உரசலுக்கும் பங்குண்டு என்பதால், பட்டைகளுக்கு நடுவிலிருந்து மட்டும் வரும் மெல்லிய கிரீச்சால் காதுக்குத்தான் தொல்லை. டொக்கென்று இடிக்கும் சத்தம் அப்படியல்ல. ஷாக்கிள் இணைப்புக்குள் இருக்கும் புஷ் தேய்ந்திருக்கலாம், யூ போல்ட் நெகிழ்ந்திருக்கலாம், பட்டையே முறிந்திருக்கலாம். யூ போல்ட் தளர்ந்தால் ஆக்சிலை இடம் மாறாமல் பிடிக்கும் சுமை சென்டர் போல்ட் மேல் விழுகிறது. அது அறுந்துவிட்டால் ஆக்சில் நகர்ந்து, வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

பிரித்தறிவது பெரிய வித்தை இல்லை. நிற்கும் வண்டியின் பம்பரை ஒருவர் அழுத்தி ஆட்டட்டும், இன்னொருவர் சக்கரத்தருகே குனிந்து கேட்கட்டும். பட்டைக் கட்டின்மேல் தண்ணீர் ஊற்றியதும் கிரீச் அடங்கினால் அது பட்டை உரசல். ஷாக்கிள் மேல் ஊற்றியபோது அடங்கினால் புஷ்ஷைப் பார்க்க வேண்டும். கம்பியால் நெம்பும்போது ஷாக்கிள் பக்கவாட்டில் ஆடினால் புஷ்ஷின் ஆயுள் முடிந்தது. அடியில் படுத்துப் பார்ப்பதானால் ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வைத்தே படுக்க வேண்டும்.

‘அந்தக் காலத்திலிருந்து ஆயிலும் கிரீஸும்தானே போடுகிறோம்’ என்று பழைய கைகள் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. வில்லிஸ் ஜீப்பின் ஷாக்கிள் இரும்பு மரையில் திரும்பும். அதற்குக் கிரீஸ் நிப்பிள் உண்டு, கிரீஸ் இல்லாவிட்டால் கத்தும். அந்த அமைப்புக்கு அந்தப் பழக்கம் சரியே. ஆனால் பின்னாளில் ரப்பர் புஷ் வந்துவிட்டது. பெட்ரோலிய ஆயில் பட்டால் இயற்கை ரப்பர் உப்பி இளகிவிடும். ஆக, கிரீச்சை நிறுத்த அடிக்கும் ஆயிலே நாளடைவில் டொக்கை வரவழைக்கிறது. போதாததற்கு, ஆயிலில் ஒட்டும் மண்தூள் பட்டைகளுக்கிடையே அரம்போல் தேய்க்கும். பட்டை உரசல்தான் என்று உறுதியானால் கட்டைப் பிரித்து, துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தெடுத்து, கிராஃபைட் பூசி மாட்டலாம். பட்டை முனைகளில் நைலான் துண்டு வைப்பதும் உண்டு. ரப்பருக்குப் பூச வேண்டுமானால் சிலிகான் கிரீஸ் மட்டுமே. புது ரப்பர் புஷ் போட்டால், வண்டியின் பாரம் சக்கரத்தில் இறங்கிய பிறகே ஷாக்கிள் போல்ட்டைக் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். தூக்கிய நிலையில் இறுக்கினால், இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

இவ்வளவு பாடு எதற்கு, காயில் ஸ்பிரிங்குக்கு மாற்றிவிடலாமே என்பது அடுத்த வாதம். 2020இல் வந்த மஹிந்திரா தார் பின்பக்கத்திலும் காயில் ஸ்பிரிங்குக்கு மாறியது உண்மைதான். ஆனால் அது அப்படியே வடிவமைத்த வண்டி. பழைய ஜீப்பில் பட்டை, பாரம் தாங்குவதோடு ஆக்சிலை அதன் இடத்தில் பிடித்தும் வைக்கிறது. பட்டையை எடுத்தால் அந்தப் பிடிப்புக்குத் தனியாக இணைப்புக் கம்பிகளும், அவற்றைத் தாங்கச் சேஸிஸில் புதிய பிடிமானங்களும் வேண்டும். அந்தச் செலவோடு ஒப்பிட்டால் ஒரு செட் புஷ் அற்பம். யூ போல்ட்டைச் சரியான அளவுக்கு இறுக்குவது, முறிவு பார்ப்பது, புஷ் மாற்றுவது, கடைசியில் பூச்சு என்ற வரிசையில் போனால், மிஞ்சும் சிறு கிரீச்சைத் தாராளமாக விட்டுவிடலாம். அந்த வரிசையைத் தலைகீழாக்கி முதலிலேயே ஆயில் அடித்துவிட்டு, சத்தம் போனதென்று நிம்மதியாக மலையேறுவதுதான் ஆபத்து.