சிறிய நாடும் விளையாட்டுப் புகழும்

பரப்பிலும் மக்கள் தொகையிலும் சிறியதாகிய ஒரு நாடு, உலக விளையாட்டரங்கில் பெரிய நாடுகளோடு எதிர்நின்று வெல்ல முடியுமா? முடியும் என்பதற்குச் சான்றுகள் பல உண்டு. கரிபியக் கடலிலுள்ள கிரெனடா, ஏறத்தாழ ஒரு லட்சம் மக்களே வாழும் தீவு நாடு. அந்நாட்டு இளைஞர் கிரானி ஜேம்ஸ் 2012இல் லண்டன் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். பத்து லட்சம் மக்களும் இல்லாத பிஜி நாடு, எழுவர் ஆடும் ரக்பி ஆட்டத்தில் 2016ஆம் ஆண்டு ரியோவிலும், 2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கிலும் தங்கம் பெற்றது. ஆயினும், விடை தேடி நாம் அத்துணைத் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. குறுகிய கடலுக்கு அப்பால் இருக்கும் இலங்கையின் வரலாற்றை நோக்கினாலே போதும்.

இலங்கையின் பரப்பு 65,610 சதுர கிலோமீட்டர். அது தமிழ்நாட்டின் பரப்பில் ஏறத்தாழப் பாதி. மக்கள் தொகையோ நம் மாநிலத்தினதில் மூன்றில் ஒரு பங்கிற்கும் குறைவு. இத்தீவு 1948ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் விடுதலை பெற்றது. ஆறு மாதம் நிறைவதற்குள், ஜூலை 31ஆம் நாள், லண்டன் ஒலிம்பிக்கில் டங்கன் வைட் என்பவர் 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தை 51.8 விநாடியில் முடித்து வெள்ளிப் பதக்கம் பெற்றார். இலங்கை கலந்துகொண்ட முதல் ஒலிம்பிக் அதுவே. இரண்டாண்டு கழித்து, 1950இல், ஆக்லாந்தில் நடந்த பேரரசு விளையாட்டுப் போட்டியில் அவர் தங்கமும் வென்றார்.

இவ்வெற்றி எங்கிருந்து வந்தது? பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது என்று நான் சொல்லுவேன். வைட், கண்டியிலுள்ள டிரினிடி கல்லூரியின் மாணவர். இலங்கையில் ‘கல்லூரி’ என்னும் பெயர் உயர்நிலைப் பள்ளிகளுக்கும் வழங்குகிறது. கொழும்பின் ராயல் கல்லூரியும் புனித தோமஸ் கல்லூரியும் 19ஆம் நூற்றாண்டு முதலே ஆண்டுதோறும் கிரிக்கெட் ஆடி வருகின்றன. யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரியும் புனித யோவான் கல்லூரியும் மோதும் ஆட்டம் ஊர்த் திருவிழாப் போன்றது. திறமை உள்ளவன் எவன் என்பதைப் பள்ளி மைதானம் இளமையிலேயே கண்டு சொல்லிவிடுகிறது.

அந்த யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் பயின்றவர்தான் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். உயரம் தாண்டுதலில் வல்லவரான இவர், பதினேழு வயதிலேயே 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் கலந்துகொண்டார். பின்பு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பயின்று, தம்மினும் வலியவர்களோடு பழகித் திறம் வளர்த்தார். 1958இல் டோக்கியோவில் நிகழ்ந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றார். ஆசியப் போட்டியில் இலங்கை பெற்ற முதல் தங்கம் அது.

இங்கே ஒன்றை நாம் மறத்தலாகாது. டோக்கியோவில் அப்போட்டி நடந்த 1958ஆம் ஆண்டு மே மாத இறுதியிலேதான், இலங்கையில் தமிழருக்கு எதிரான கலவரமும் மூண்டது. தன் இனத்தார் வீடிழந்து உயிரிழந்து கொண்டிருந்த நாட்களில், ஒரு தமிழ் இளைஞர் அந்நாட்டின் கொடியை ஆசிய மேடையில் ஏற்றி வைத்தார். நாட்டிற்குப் புகழ் தேடித் தருவோர் எல்லா இனத்திலும் பிறக்கின்றனர். அவர்களைத் தன் மக்களாகக் காக்கத் தவறும் நாடு தன் வலிமையையே குறைத்துக்கொள்கிறது.

சிறிய நாட்டிற்கு மற்றொரு குறை உண்டு. உள்ளூரில் வலிய எதிரிகள் போதிய அளவில் கிடைப்பதில்லை. இக்குறையைத் தீர்ப்பதில் நம் சென்னைக்கும் பங்குண்டு என்பது உங்களுள் பலர் அறியாத செய்தியாக இருக்கலாம். இலங்கையின் உள்நாட்டுக் கிரிக்கெட் போட்டிகளுக்கு அந்நாளில் முதல்தரத் தகுதி இல்லை. 1952-53 பருவத்தில் சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே கோபாலன் கோப்பைப் போட்டி தொடங்கியது. கிரிக்கெட், ஹாக்கி ஆகிய இரண்டிலும் இந்தியாவுக்காக ஆடிய எம். ஜே. கோபாலன் பெயரால் அமைந்த அப்போட்டி, முதல்தர ஆட்டத்தின் அனுபவத்தை இலங்கை வீரர்க்கு அளித்தது. 1981இல் இலங்கைக்கு டெஸ்ட் தகுதி கிடைத்தது. இந்திய மண்ணில் அது ஆடிய முதல் டெஸ்டும் சென்னைச் சேப்பாக்கத்தில்தான், 1982 செப்டம்பரில், நடைபெற்றது. அதில் துலீப் மெண்டிஸ் இரண்டு இன்னிங்சிலும் 105 ஓட்டங்கள் எடுத்தார்.

1996ஆம் ஆண்டு உலகக் கோப்பை நெருங்கியபோது, கொழும்பில் குண்டு வெடித்தது. ஆஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் அங்கே ஆட மறுத்தன. அப்போது இந்திய வீரர்களும் பாகிஸ்தான் வீரர்களும் ஒரே அணியாகச் சேர்ந்து கொழும்புக்குச் சென்று ஆடினர். அண்டை நாட்டாரின் துணைக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமோ? மார்ச் 17ஆம் நாள் லாகூரில், அர்ஜுன ரணதுங்க தலைமையில், இலங்கை ஆஸ்திரேலியாவை வென்று கோப்பையைக் கைக்கொண்டது. அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107 ஓட்டங்கள் எடுத்தார். அவ்வணியில் பந்து வீசிய கண்டித் தமிழர் முத்தையா முரளிதரன், 2010இல் காலி மைதானத்தில் தம் 800ஆவது டெஸ்ட் விக்கெட்டை வீழ்த்தி ஓய்வு பெற்றார்.

ஆனால் வரலாற்றின் மறுபக்கத்தையும் காண வேண்டும். டங்கன் வைட்டிற்குப் பின் இலங்கைக்கு அடுத்த ஒலிம்பிக் பதக்கம் கிடைக்க 52 ஆண்டுகள் ஆயின. கிராமத்து வறிய குடும்பத்தில் பிறந்த சுசந்திகா ஜயசிங்க, 2000ஆம் ஆண்டு சிட்னியில் 200 மீட்டர் ஓட்டத்தை 22.28 விநாடியில் முடித்து வெண்கலம் பெற்றார். முதலில் வந்தவர் ஊக்க மருந்து உண்டமை பின்னர் வெளிப்பட்டதால், அது வெள்ளியாக உயர்ந்தது. தடகளத்தில் ஆசியத் தங்கமும் அவ்வாறே. 2002இல் பூசான் நகரில் தங்கம் பெற்றபின், 2023இல் ஹாங்ஜௌ நகரில் தருஷி கருணாரத்ன 800 மீட்டர் ஓட்டத்தில் வெல்லும் வரை 21 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

அந்த 52 ஆண்டுகளில் அத்தீவில் வேகமாக ஓடும் குழந்தைகள் பிறக்கவில்லையா? பிறந்திருப்பார்கள். அவர்களைக் கண்டெடுத்து, பயிற்சி அளித்து, வலியவரோடு மோதவிடும் வழிதான் அடைபட்டிருந்தது. புகழ்பெற்ற பள்ளிகளின் மதில்களுக்கு உள்ளே இருந்த வசதி, கிராமத்துப் பள்ளியை எட்டவில்லை. சுசந்திகா அக்குறையை மீறி வந்தவர். எல்லாரும் அவ்வாறு மீறி வர இயலாது.

இது இலங்கைக்கு மட்டும் உரிய பாடமன்று. நான் ஆவடியை அடுத்த முத்தாபுதுப்பேட்டையில் வாழ்பவன். மாலை வேளைகளில் எங்கள் ஊர்ப்பக்கத்து வெளிகளில் பிள்ளைகள் ஓடியாடுவதைக் காண்கிறேன். அவர்களுள் விரைந்த கால்கள் இல்லை என்று எவரும் சொல்லார். ஆனால் அவ்வேகத்தைக் கடிகாரம் வைத்து அளந்து, அந்தப் பிள்ளையின் பெயரை எழுதி வைத்தவர் யார்? தம் திறமையின் அளவைத் தாமே அறியாமல் பள்ளிப் பருவத்தைக் கடந்துவிடுவோர் எத்தனை பேர்!

மாணவ நண்பர்களே, உங்கள் பள்ளியில் இதனை நீங்களே தொடங்கலாம். ஓடுகிறவனின் நேரத்தையும் தாண்டுகிறவளின் உயரத்தையும் அளந்து குறித்து வையுங்கள். எளிதில் வெல்லக்கூடிய அணியோடு மட்டும் ஆடி மகிழாமல், உங்களைத் தோற்கடிக்கக்கூடிய அணியையும் தேடிச் சென்று ஆடுங்கள். ஒரு நாட்டின் விளையாட்டு வரலாற்றைப் படிக்கும்போது அது வென்ற பதக்கங்களை எண்ணுங்கள். ஒரு பதக்கத்திற்கும் அடுத்த பதக்கத்திற்கும் இடையே கழிந்த ஆண்டுகளையும் எண்ணுங்கள். யாரும் கண்டெடுக்காமல் போன பிள்ளைகள் அந்த ஆண்டுகளில்தான் இருக்கிறார்கள்.