சித்திரையில் முட்டை எங்கே போகிறது?

பங்குனி முடிவதற்குள்ளேயே கிராமத்து வாசல்களில் அந்தப் பேச்சு கிளம்பிவிடும். “நாலு பெட்டை நிக்குது, நாள் முழுக்க மேயுது, வீட்டுக்கு ஒத்த முட்டை இல்ல!” கண்ணு பட்டிருக்கும் என்பார் ஒருவர். பாம்பு குடித்திருக்கும் என்பார் இன்னொருவர். பக்கத்து வீட்டு வைக்கோல் போரில் போய் இட்டுவிட்டு வருகிறதோ என்று சிலர் வேவு பார்ப்பதும் உண்டு. அந்தச் சந்தேகம் பல நேரம் சரியாகவும் இருக்கும்! ஆனால் தெருவில் உள்ள எல்லா வீட்டுக் கோழிகளும் ஒரே சமயத்தில் நிறுத்தினால், அது பாம்பின் வேலையாக இருக்க முடியாது. பருவத்தின் வேலை.

நாட்டுக்கோழி ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டைகள் வரைதான் இடும். நாமக்கல் பண்ணைகளில் கூண்டில் நிற்கும் வெள்ளைக் கோழி 300-ஐத் தாண்டும். நாட்டுக்கோழி அந்த 60 சொச்சத்தையும் ஆண்டு முழுக்கப் பரப்பி இடுவதில்லை. ஒரு சுற்றுக்குப் பதினைந்து இருபது இடும், அடைக்குப் படுக்கும், குஞ்சோடு சுற்றும், மறுபடி சேவலோடு சேரும். இப்படி வருடத்துக்கு மூன்று நான்கு சுற்று. எந்தச் சுற்று எந்த மாதத்தில் வந்து விழுகிறது என்பதில்தான் லாபமும் நட்டமும்.

குளிர்நாடுகளில் இதை முடிவு செய்வது வெளிச்சம். பகல் நீள நீளக் கோழியின் மூளை இனப்பெருக்கச் சுரப்பிகளைத் தட்டி எழுப்புகிறது. இதில் வியப்பு என்னவென்றால், அந்த வெளிச்சத்தை அறியக் கண் தேவையில்லை. 1930-களில் பிரான்ஸைச் சேர்ந்த உடலியலாளர் ழாக் பென்வா, பார்வை நரம்பைத் துண்டித்த வாத்துகளை வைத்துச் சோதித்தார். அப்போதும் அவை வெளிச்சத்துக்கு ஏற்ப இனப்பெருக்கத்துக்குத் தயாராயின. மண்டையோட்டை ஊடுருவி வரும் ஒளியைப் பறவைகளின் மூளையில் உள்ள செல்களே உணர்கின்றன.

லண்டனில் டிசம்பர் பகல் 8 மணி நேரம்கூட இருக்காது. ஜூனில் 16 மணி நேரத்துக்கு மேல் போகும். அங்கே குளிர்காலத்தில் கோழி முட்டையை நிறுத்துவதும், கூட்டில் பல்பு போட்டு அதை ஏமாற்றுவதும் நியாயம். சென்னையின் மிகக் குறுகிய பகலே 11 மணி 20 நிமிடத்துக்குக் குறையாது. மிக நீண்ட பகல் 13 மணி நேரத்தை எட்டாது. வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். நாமக்கல் கொட்டகைகளில் 16 மணி நேரம் வரை விளக்கெரிப்பது 300 முட்டைக் கணக்குக்கு. முருங்கை மரத்தில் அடையும் ஐந்தாறு கோழிக்கு வெளிநாட்டு வீடியோ பார்த்து பல்பு மாட்டுகிறவர்களுக்கு மின்கட்டணம்தான் மிஞ்சும்.

நம் ஊரில் முட்டையைத் திருடுவது வெயில்.

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடல் வெப்பமே 41 டிகிரி செல்சியஸுக்கு மேல். சித்திரை மதியத்தில் வேப்பமர நிழலில் நிற்கும் பெட்டையைக் கொஞ்சம் நின்று பார்த்தால் தெரியும்: இறக்கை இரண்டையும் உடம்பிலிருந்து விலக்கி வைத்திருக்கும், அலகு திறந்திருக்கும், தொண்டைச் சதை படபடவென்று துடிக்கும். அந்த மூச்சிரைப்பில்தான் அது உடல் சூட்டை வெளியேற்றுகிறது. கூடவே கரியமில வாயுவும் அளவுக்கு மேல் வெளியேறிவிடுகிறது. முட்டை ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அந்தக் கார்பனேட்டுக்கு வேண்டிய சரக்கு ரத்தத்தில் குறைந்துபோவதால் ஓடு மெலிகிறது. கோடையில் கை பட்டதும் நொறுங்கும் முட்டைக்கும், தோல்முட்டைக்கும் இது ஒரு முக்கியக் காரணம். சூட்டில் தீனியும் இறங்காது. தீனி இறங்காவிட்டால் முட்டை சிறுக்கும், பிறகு நின்றே போகும்.

அடை வைப்பதிலும் கோடை கை வைக்கும். கருக்கூடிய முட்டை ஏறத்தாழ 21 டிகிரிக்கு மேலே போனாலே உள்ளே கரு மெல்ல அசையத் தொடங்கும். ஓட்டு வீட்டு மூலையில் 35 டிகிரியில் பத்து நாள் கிடக்கும் முட்டையில் கரு அரைகுறையாக வளர்ந்து செத்துவிடும். பிறகு எந்தக் கோழி 21 நாள் படுத்தாலும் அது கூமுட்டைதான். அடைக்கூடையில் ஆணியும் கரித்துண்டும் காய்ந்த மிளகாயும் போட்டு வைத்தால் இடிச்சத்தம் முட்டையைக் கெடுக்காது என்று நம்புகிறவர்கள் இன்றும் உண்டு. இடி அதிகம் கேட்பது கோடை மழை நாட்களில். கெடுத்த பழி இடியின் தலையில் விழ, கெடுத்த வெயில் தப்பித்துக்கொள்கிறது. ஈர மணல் நிரப்பிய சட்டியின் மேல் சாக்கு விரித்து அதில் முட்டையைச் சேர்த்து, ஒரு வாரத்துக்குள் அடை வைத்துவிடுவது மிளகாயைவிடப் பலன் தரும். ஏழாம் நாள் இருட்டறையில் டார்ச் அடித்துப் பார்க்கலாம். கால் பரப்பிய சிலந்தி போலச் செந்நரம்புகள் தெரிந்தால் கரு பிழைத்திருக்கிறது. ஒன்றும் தெரியாத முட்டையை எடுத்துவிடலாம்.

ஆடிக்காற்று அடங்கி மழை இறங்கியதும் ஈசலும் கறையானும் புழுவும் காசில்லாத புரதமாகக் கிடைக்கும். ஈரக்கூட்டில் சளியும் ரத்தக்கழிச்சலும் வரும் என்பது அதன் மறுபக்கம். ஓராண்டுபோல முட்டையிட்ட கோழி இறகு உதிர்க்கத் தொடங்குவதும் பெரும்பாலும் பகல் குறையும் மாதங்களில்தான். கழுத்தில் தொடங்கி வால்வரை உதிர்ந்து முளைக்க இரண்டு மூன்று மாதம் ஆகும். இறகு கிட்டத்தட்ட முழுக்கப் புரதம். அது முளைக்கும்போது முட்டைக்கு மிச்சம் இருக்காது. இதை நோய் என்று நினைத்துச் சந்தைக்கு ஓட்டிவிடுகிறவர்கள் நல்ல கோழியை இழக்கிறார்கள்.

சந்தேகம் இருந்தால் விரலை வைத்துப் பார்க்கலாம். முட்டையிடும் பெட்டையின் பின்புறம் இரண்டு இடுப்பெலும்புகளுக்கு நடுவே இரண்டு மூன்று விரல் நுழையும். நிறுத்திவிட்ட கோழிக்கு ஒரு விரல் நுழைவதே கஷ்டம். கொண்டையும் சுருங்கி வெளிறியிருக்கும்.

தை, மாசிதான் பொற்காலம். வெயில் ஏறியிருக்காது, பகல் நீளத் தொடங்கியிருக்கும், களத்தில் நெல் சிந்திக் கிடக்கும். இந்தச் சுற்றில் கிடைக்கும் முட்டையை விற்றுத் தீர்க்காமல் ஒரு பகுதியை அடை வைத்தால், குஞ்சுகள் கத்திரிக்கு முன் ஓரளவு தேறிவிடும்.

கோடைக்கு வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. நிழலில் மண்சட்டித் தண்ணீர், வெயில் ஏறும் முன்னும் சாய்ந்த பின்னும் தீனி, மாலையில் கொஞ்சம் கிளிஞ்சல் தூள். ஓடு பெரும்பாலும் இரவில் உருவாவதால் கிளிஞ்சலுக்கு மாலையே ஏற்ற நேரம். எஞ்சியிருக்கும் ஆபத்து வெள்ளைக்கழிச்சல். உத்தரகண்ட் மலையூர் ராணிக்கேட்டின் பெயரைத் தாங்கிய இந்த நோய் கோடையில் புகுந்தால் முட்டையை மட்டுமல்ல, கூட்டையே காலி செய்துவிடும். தடுப்பூசி உண்டு, வந்தபின் மருந்து கிடையாது. கோடைக்கு முன்னதாக, பெரும்பாலும் பிப்ரவரியில், கால்நடை பராமரிப்புத் துறை கிராமங்களில் கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. எட்டு வாரம் தாண்டிய கோழிகளை அன்று காலை திறந்துவிடாமல் பஞ்சாரத்திலேயே அடைத்து வைத்திருந்து, கொண்டுபோய் ஊசி போட்டுவிடுங்கள்.