பல்வட்டுக் கோப்பு முறைமையில் 'ஆயத்தம்' என்பது யாது?

கணனி இயங்கத் தொடங்கும் வேளையில் அதனோடு இணைந்த வட்டுகள் யாவும் ஒரே கணத்தில் தோன்றுவதில்லை. ஒன்று முந்தித் தோன்றும். பிறிதொன்று சுழன்று வேகம் பெறச் சில வினாடிகள் செல்லும். கோப்பு முறைமை ஒரே வட்டில் அடங்குமாயின் இவ்வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதன்று. பல வட்டுகளிற் பரந்து கிடக்குமாயின், அதனை எப்பொழுது ஏற்றுவது என்பது ஒரு பிரச்சினையாகின்றது. லினக்ஸ் இதற்குக் கண்ட விடையையும் அவ்விடையின் எல்லையையும் ஈண்டு நோக்குவோம்.

பி.ரி.ஆர்.எஃப்.எஸ். என்னும் முறைமையை எடுத்துக்கொள்வோம். 2007 இல் ஒராக்கிள் நிறுவனத்தில் கிறிஸ் மேசன் தொடங்கிய இது, 2009 இல் வெளிவந்த 2.6.29 ஆம் கருவகப் பதிப்பிற் சேர்க்கப்பட்டது. இதன் உறுப்பு வட்டு ஒவ்வொன்றிலும், தொடக்கத்திலிருந்து 64 கிலோபைற் தள்ளி, ஒரு தலைமைப் பதிவு உண்டு. முறைமைக்குப் பொதுவான அடையாள எண்ணும், முறைமையின் மொத்த வட்டுத் தொகையும் அதில் எழுதப்பட்டிருக்கும். ஆகவே, எந்த ஒரு வட்டைக் கண்டாலும் தன் தோழர் எத்தனை பேர் என்பதைக் கருவகம் அறிந்துகொள்ளும்.

புதிய வட்டொன்று தோன்றியதும், சாதனங்களைக் கண்காணிக்கும் 'யூடெவ்' அதனைக் கருவகத்திற் பதிவு செய்து, 'ஆயத்தமா?' என வினவுகின்றது. பதிவான வட்டுகளின் தொகை மொத்தத் தொகைக்குச் சமமாயின் 'ஆம்' என்பதே விடை. ஒன்று குறையினும் 'இல்லை'. 'இல்லை' எனின், தொடக்கப் பணிகளை நடத்தும் 'சிஸ்டம்டி' ஏற்றத்தை முயலாது காத்திருக்கும். வட்டுகள் தோன்றும் ஒழுங்கு எவ்வாறாயினும், இறுதி வட்டு வந்த பின்னரே ஏற்றம் நிகழும். இது இம்முறையின் சிறப்பு.

ஆயின், ஒரு வட்டு பழுதுற்று ஒருபோதும் வாராதெனின் என்செய்வது? ஒவ்வொரு தரவையும் இரு வட்டுகளிற் பிரதி செய்யும் 'ரெயிட் 1' அமைப்பில் எஞ்சிய வட்டு போதுமானது. குறைவுற்ற நிலையிலும் ஏற்றுமாறு கட்டளையிடும் தெரிவும் உண்டு. எனினும் 'ஆயத்தம்' என்ற விடை கிடையாமையால், அத்தெரிவு குறிக்கப்பட்டிருந்தும் ஏற்றம் முயலப்படுவதேயில்லை. தரவு வட்டாயின் பொதுவாக 90 வினாடி காத்திருந்து ஏற்றம் தோல்வியுறும். வட்டின் பழுதைத் தாங்குதற்கென அமைத்த கணனி, அப்பழுதினாலேயே தொடங்காது நிற்கின்றது!

இது மறதியால் நேர்ந்த குறையன்று. 'யாவும் வந்தனவா?' என்பது எண்ணிக்கை பற்றிய வினா. கருவகம் அதற்கு ஐயமின்றி விடையளிக்கும். 'வந்தவை போதுமா, இன்னும் எவ்வளவு காலம் காத்திருக்கலாம்?' என்பது தீர்மானம் பற்றிய வினா. அவசரத்துக்கு விலையுமுண்டு. இன்று முதல் வட்டை மட்டும், நாளை இரண்டாம் வட்டை மட்டும் ஏற்றி எழுதுவோமாயின், ஒரே முறைமைக்கு ஒவ்வாத இரு வரலாறுகள் தோன்றிவிடும். பின்னர் அவற்றை ஒன்றுசேர்த்தல் தரவையே சிதைக்கக்கூடும்.

எம்.டி. எனப்படும் பழைய வட்டுத்தொகுதி முறையில், 30 வினாடி காத்திருந்து, பின்னர் உள்ளவற்றைக் கொண்டு தொடங்கும் ஏற்பாடு உண்டு. அங்கே தீர்மானம் கடிகாரத்திடம் விடப்பட்டது. இங்கே மனிதரிடம் விடப்பட்டுள்ளது. எவ்வழியாயினும், 'ஆயத்தம்' என்னும் சொல் முழுமையைக் குறிக்கின்றதா, போதுமையைக் குறிக்கின்றதா என்பதை முன்னரே தெளிதல் வேண்டும். அத்தெளிவைப் பழுது நேர்ந்த பின் தேடுதல் காலங்கடந்த முயற்சியாகும்.