கதிரைக் காட்டும் உப்பு

உப்பு என்றதும் சோற்றுக்கு இடும் உப்பே யாவர்க்கும் நினைவில் வரும். ரசாயன நூலார்க்கோ உப்பு ஒன்றன்று, பல. புளோரின், குளோரின், புரோமின், அயோடின் ஆகியவை உலோகங்களோடு கூடி உப்பைத் தருவன. கிரேக்க மொழியின் துணைகொண்டு மேனாட்டார் இவற்றுக்கு இட்ட 'ஆலசன்' என்ற பெயரும் அதையே குறிக்கும். கலைச்சொல் ஆக்கிய தமிழறிஞர், ஒலியை விட்டுப் பொருளைப் பற்றி, 'உப்பீனி' என்றனர். நல்ல ஆக்கம்.

இவ்வுப்புக்களுள் ஒன்று சோடியம் அயோடைடு. அதில் சிறிதளவு தாலியம் சேர்த்தால், காமாக் கதிர் படுந்தோறும் நீலவொளி தெறிக்கும் என்பதை 1948-இல் அமெரிக்கப் பேராசிரியர் இராபர்ட் ஹாப்ஸ்டாடர் வெளியிட்டார். (1961-இல் அவர் பெற்ற நோபெல் பரிசு வேறோர் ஆய்வுக்காக.) பத்து இலட்சம் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுக்கு ஏறத்தாழ 38,000 ஒளித்துகள்கள் பிறக்கும். ஆதலின், ஒளியை அளந்தால் கதிரின் ஆற்றல் தெரியும். ஆற்றல் தெரிந்தால் கதிரை விடுத்த பொருள் இன்னதெனத் தெரியும். நோயாளிக்குக் கொடுத்த கதிரியக்க மருந்து உடலில் எங்கே தங்கியது என்று காட்டும் காமாக் கேமராவில் இப்பளிங்கு இன்றும் பணிபுரிகிறது.

ஆனால், இப்பளிங்கு காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கெடும். உருகிய நிலையிலிருந்து மெல்ல மெல்ல வளர்க்க நாட்கள் பல ஆகும். சூடு சட்டென மாறினால் விரிசல் காணும். விரிசலில் ஒளி சிதறும். ஒளியின் அளவு பிழைத்தால் கதிரின் அடையாளமும் பிழைத்துவிடும்.

எனவே, உப்பைப் பொடியாக்கி, அச்சிலிட்டு, சூட்டோடு அழுத்திப் பீங்கான்போல் ஆக்க முயன்றனர். ஈரத்தின் தொல்லை இதனால் தீராது. உருக்கி வளர்க்கும் தொல்லை தீரும். பீங்கான் ஊடே ஒளி தெளிவாகச் செல்லாதே எனின், அதற்குக் காரணம் இரண்டு. நுண்துளைகள் ஒன்று, திசைக்கொரு பக்கமாகக் கிடக்கும் மணிகள் மற்றொன்று. துளையை அழுத்தத்தால் நீக்கலாம். மணிகளைத் திருப்பி அடுக்குதல் எளிதன்று. கனசதுர அமைப்புடைய உப்பாயின் அந்தக் கவலையே இல்லை. எத்திசையிலும் ஒளி ஒரே வேகத்தில் செல்லுமாதலால், மணி எப்படிக் கிடந்தால் என்ன? கால்சியம் புளோரைடு இத்தகையது. பீங்கானிலிருந்து பெற்ற முதல் லேசர் ஒளி, 1964-இல், டிஸ்புரோசியம் கலந்த இவ்வுப்பிலிருந்தே வந்தது.

2001-இல் அறிவிக்கப்பட்ட லாந்தனம் புரோமைடு, சீரியம் சேர்ந்தவிடத்து, சோடியம் அயோடைடைவிட மிகுந்த ஒளி தருவது. கதிர்களைப் பிரித்தறிவதிலும் கூர்மை மிக்கது. அதன் அமைப்போ அறுகோணம். அதனால் அது பீங்கானுக்கு எளிதில் வசப்படுவதில்லை. ஒற்றைப் பளிங்காகவே வளர்க்கப்பட்டு, ஈரம் புகாத உலோக உறையில் அடைக்கப்பட்டு விற்பனைக்கு வருகிறது.