ஜவுளிக்கடைக்கு வந்த நாற்காலி

பழைய பட்டுப்புடவைக் கடைகளில் யாரும் நின்றுகொண்டு வியாபாரம் செய்ததில்லை. தரையில் மெத்தை விரித்து வெள்ளைத் துணி போர்த்தியிருப்பார்கள். வாங்க வந்த குடும்பம் ஒரு பக்கமும் புடவையை எடுத்துப் போடுகிறவர் எதிர்ப்பக்கமும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். கண்ணாடிக் கவுண்டரும் அடுக்குமாடியும் ஏசியும் வந்தபோது மெத்தையைச் சுருட்டி வைத்துவிட்டார்கள். வாடிக்கையாளருக்கு ஸ்டூல் போட்டார்கள். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்கும் எங்களுக்கு ஒன்றும் போடவில்லை.

எனக்குச் சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு மதுரையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சேர்த்துவிட்டார்கள். முதலில் சுடிதார் செக்‌ஷன், பிறகு காட்டன் புடவை. காலையில் கடை திறப்பதற்கு முன்பே ஃப்ளோரில் நிற்க வேண்டும். ராத்திரி கடைசி வாடிக்கையாளர் பில் போட்டுப் போகும்வரை அதே இடம்தான். கூட்டம் அலைமோதும் தீபாவளி நாளைக்கூடச் சமாளித்துவிடலாம், கையும் காலும் ஓடிக்கொண்டே இருக்கும். ஆள் வராத மத்தியானம்தான் கொடுமை. மூன்று மணிக்கு ஒருவரும் இல்லாத மாடியில், மடித்த புடவையையே திரும்ப மடித்துக்கொண்டு, சும்மா நிற்க வேண்டும். சுவரில் லேசாகச் சாய்ந்தால் சூப்பர்வைசர் வந்துவிடுவார். "ஏம்மா, கேமராவுல தெரியுது. அண்ணாச்சி பாத்தா என்னையத்தான் கேப்பாரு" என்பார். அவரும் நின்றுகொண்டுதான் இருந்தார்.

சும்மா நிற்பதில் என்ன கஷ்டம் என்று வீட்டில் கேட்பார்கள். அதற்கு டாக்டர் சொன்ன பதிலை இன்னும் மறக்கவில்லை. காலுக்கு இறங்கிய ரத்தத்தை மேலே தள்ளிவிடுவது கெண்டைக்கால் தசை. நடந்தால் அது சுருங்கி விரிந்து ரத்தத்தை ஏற்றும். அசையாமல் நின்றால் ரத்தம் கீழேயே தேங்கும். வருஷக்கணக்கில் தேங்கினால் ரத்தக்குழாயின் உள்ளே இருக்கும் வால்வுகள் பழுதாகி, அந்தக் குழாய் சுருட்டிக்கொண்டு நீலமாகப் புடைக்கும். வெரிகோஸ் என்கிறார்கள். என் செக்‌ஷனில் மூத்தவரான ஓர் அக்காவுக்கு முப்பது வயதிலேயே இரண்டு காலிலும் அது வந்திருந்தது. ஹாஸ்டலில் படுக்கும்போது நாங்கள் எல்லோருமே காலைத் தூக்கிச் சுவரில் வைத்துக்கொண்டுதான் படுப்போம். 2010இல் ஜவுளிக்கடைப் பணியாளர்களைப் பற்றிய வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' படம் வந்த பிறகுதான், கடைக்கு வருகிற சிலர் எங்கள் முகத்தைப் பார்த்து, "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார்கள்.

2021 செப்டம்பர் 6ஆம் தேதி, தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி.கணேசன் சட்டப்பேரவையில் ஒரு சட்டத்திருத்த மசோதாவைத் தாக்கல் செய்தார். 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று புதிதாக ஒரு பிரிவைச் சேர்க்கும் மசோதா. ஒவ்வொரு கடையிலும் நிறுவனத்திலும் எல்லாப் பணியாளர்களுக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைத்தால் அவர்கள் உட்கார்ந்துகொள்ளலாம், வேலை நேரம் முழுக்கக் காலிலேயே நிற்கும் நிலை கூடாது. இவ்வளவுதான் அந்தப் பிரிவு. கேரளத்துக்கு அடுத்து இப்படிச் சட்டம் செய்தது தமிழ்நாடுதான்.

அப்போது நான் கடையை விட்டுவிட்டுத் தொழிற்சங்க வேலைக்கு வந்திருந்தேன். மசோதாவோடு இருந்த நோக்கக் குறிப்பைப் படித்தபோது ஒரு தேதி கண்ணில் பட்டது. 2019 செப்டம்பர் 4ஆம் தேதி நடந்த மாநிலத் தொழிலாளர் ஆலோசனை வாரியக் கூட்டத்தில் இந்த யோசனை வைக்கப்பட்டு, உறுப்பினர்கள் ஒருமனதாக ஏற்றுக்கொண்டார்கள் என்று எழுதியிருந்தது. இந்த வாரியம் முத்தரப்பு வாரியம். அரசு அதிகாரிகள், முதலாளிகள் தரப்பு, தொழிற்சங்கங்கள் மூவரும் ஒரே மேசையில் உட்காருகிற இடம். யோசனையை ஏற்றுக்கொண்டபோது கோட்டையில் அ.தி.மு.க. ஆட்சி. சட்டமானபோது தி.மு.க. ஆட்சி. நடுவே ஒரு தேர்தலும் கொரோனாவும் வந்து போயின. ஒரு கட்சியின் அறிவிப்பாக மட்டும் இருந்திருந்தால் அது அந்தக் கட்சியோடு போயிருக்கும். மூன்று தரப்பும் சரி என்று சொன்ன விஷயம் என்பதால் ஆட்சி மாறியும் பிழைத்துக்கொண்டது என்பதே என் எண்ணம்.

முத்தரப்புப் பேச்சுவார்த்தை என்றாலே நமக்கு நினைவுக்கு வருவது பஸ் ஸ்டிரைக்கும் டிவி செய்தியும்தான். சண்டை முற்றிய பிறகு சமாதானத்துக்குக் கூடுவது அது. சண்டை வருவதற்கு முன்பே கூடிப் பேசவும் முத்தரப்பு அமைப்புகள் இருக்கின்றன, அவை எங்களைப் போன்றவர்களின் கண்ணுக்கு எட்டுவதே இல்லை. குறைந்தபட்சக் கூலி அப்படி வருவதுதான். 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி, கூலியைப் பரிந்துரைக்கும் குழுவில் முதலாளிகளும் தொழிலாளர்களும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டியிருந்தது. எந்தத் தரப்பையும் சேராதவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது, அவர்களில் ஒருவர்தான் தலைவர் என்றும் அது சொன்னது. கடை வேலைக்கும் அப்படி ஒரு கூலி அரசாணையில் இருக்கிறது என்பது, நான் புடவை விற்ற காலம் முழுவதும் எனக்குத் தெரியாது. எட்டு மணி நேரம்தான் வேலை என்று அதே 1947ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வதும் தெரியாது.

இந்த முத்தரப்பு ஏற்பாட்டின் வேர் 1919இல் இருக்கிறது. முதல் உலகப்போர் முடிந்த கையோடு பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பைத் தொடங்கியபோது, நாடுகளின் அரசுகள் மட்டும் பேசினால் போதாது என்று முடிவு செய்தார்கள். இன்றுவரை அதன் மாநாட்டுக்கு ஒவ்வொரு நாடும் நான்கு பிரதிநிதிகளை அனுப்புகிறது: அரசுக்கு இருவர், முதலாளிகளுக்கு ஒருவர், தொழிலாளர்களுக்கு ஒருவர். தொழிலாளியின் பிரதிநிதி தன் நாட்டு அரசுக்கு எதிராகவே வாக்களிக்கலாம். இந்தியாவில் 1942 ஆகஸ்டில், வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கவனித்த அம்பேத்கர் தலைமையில் டெல்லியில் முத்தரப்பு மாநாடு கூடியது. ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு உணவு, எவ்வளவு துணி, எவ்வளவு வாடகை என்று கணக்கிட்டுக் கூலி தீர்மானிக்க வேண்டும் என்ற வரையறையை 1957இல் தந்ததும், இந்தியத் தொழிலாளர் மாநாடு என்று பின்னர் அழைக்கப்பட்ட இதே மாநாடுதான். அதன் 46ஆவது கூட்டம் 2015 ஜூலையில் நடந்தது. அதன் பின் பத்து ஆண்டுகள் அது கூடவே இல்லை. முத்தரப்பு ஆலோசனைக்கான 144ஆம் எண் உடன்படிக்கையை 1978லேயே ஏற்றுக் கையெழுத்திட்ட நாடு இது. அப்படியிருந்தும் மாநாடு கூடாமல் போனது எனக்கு ஆறாத வருத்தம்.

திரும்ப நாற்காலிக்கு வருகிறேன். என் தம்பி ராஜபாளையம் பக்கம் ஒரு நூற்பாலையில் இருந்தான். 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 44ஆவது பிரிவு, நின்றபடி வேலை செய்கிறவர்களுக்கு உட்கார வசதி செய்து தர வேண்டும் என்றது. 22-ஏ ஏறக்குறைய அதன் தங்கைதான். தம்பி வேலை பார்த்த ஆலைக்கு 1948இல் கிடைத்த உரிமை அக்காள் நின்ற கடைக்கு வர 73 ஆண்டுகள் ஆகியிருக்கிறது. இங்கிலாந்தில் 1899லேயே, கடையில் மூன்று பெண்களுக்கு ஓர் இருக்கையாவது போட வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டார்கள். இங்கே ஏன் இவ்வளவு தாமதம்? ஆலைத் தொழிலாளிக்குச் சங்கம் இருந்தது, மேசையில் அவனுக்காகப் பேச ஆள் இருந்தது. கடைப்பெண் பதினெட்டு வயதில் வருவாள், கல்யாணம் ஆனதும் போய்விடுவாள், ஹாஸ்டலும் முதலாளியுடையது. அவள் எங்கே சங்கம் வைப்பாள்?

கேரளத்தில் வைத்தார்கள். கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவில் தையல்வேலை பார்த்த பி.விஜி என்பவர், கடைகளில் வேலை செய்யும் பெண்களைத் திரட்டி 'பெண்கூட்டு' என்ற அமைப்பை உண்டாக்கினார். அவர்கள் முதலில் கேட்டது கழிப்பறை. பிறகு கேட்டது உட்காரும் உரிமை. வருஷக்கணக்காகத் தெருவில் நின்று கேட்டு, 2018இல் சட்டத்திருத்தம் வாங்கினார்கள். எங்கள் வாரியக் கூட்டத்துக்கு முந்தைய ஆண்டு அது. அந்தப் பெண்கள் பட்ட பாடு இல்லாமல் எங்கள் மேசைக்கு இந்த யோசனை இவ்வளவு எளிதாக வந்திருக்காது என்றே நான் நம்புகிறேன்.

முதலாளிகள் தரப்பு எப்படி ஒத்துக்கொண்டது என்று பலர் என்னிடம் கேட்கிறார்கள். நடுத்தரக் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர் சொன்னது எனக்கு விளக்கமாக இருந்தது. "தாயி, பிள்ளைக உக்காந்தா எனக்கு என்ன நட்டம்? ஆனா எதுத்த கடையில எல்லாரும் நிக்கும்போது நான் மட்டும் உக்கார வச்சா, இங்க மரியாதை இல்லைன்னு வர்றவங்க நெனைப்பாங்க" என்றார். இதில் நியாயம் இருக்கிறது. மனசுள்ள முதலாளி தனியாக நல்லது செய்தால் போட்டியில் பின்தங்குவோமோ என்று பயப்படுகிறார். சட்டம் எல்லாக் கடைக்கும் ஒரே நாளில் வந்தால் அந்தப் பயம் போய்விடும். சங்கத்தால் ஒரு கடையோடு ஒப்பந்தம் போட முடியும், தெரு முழுவதற்கும் போட முடியாது. அரசால் தெரு முழுவதற்கும் விதி செய்ய முடியும், ஆனால் மத்தியானம் மூன்று மணிக்குக் கால் எப்படி வலிக்கும் என்பது அதற்குத் தெரியாது. கவுண்டரின் உயரம் என்ன, எந்த மாடியில் இடம் இருக்கிறது, எத்தனை ஸ்டூல் போட முடியும் என்பது முதலாளிக்குத்தான் தெரியும்.

மேசையில் உட்காராமல் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதையும் இதே மாநிலத்தில் பார்த்தோம். 2023 ஏப்ரல் 21ஆம் தேதி, தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதாவைப் பேரவை நிறைவேற்றியது. தோழமைக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. சங்கங்கள் எல்லாம் கொடி வேறுபாடு இல்லாமல் எதிர்த்தன. மூன்றே நாளில், 24ஆம் தேதி, சங்கங்களை அழைத்துப் பேசிவிட்டு மசோதாவை நிறுத்தி வைத்தார்கள். மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். நாற்காலிச் சட்டம் கொண்டுவந்த அதே அரசுதான், அதே அமைச்சர்தான். 24ஆம் தேதி நடந்த பேச்சு 21ஆம் தேதிக்கு முன்பு நடந்திருந்தால் இவ்வளவு கொந்தளிப்பே இருந்திருக்காது. ஆனாலும் கேட்டுத் திருந்திய அரசைப் பாராட்டுகிறேன். கேட்காமலே போகிற அரசுகளையும் பார்த்திருக்கிறோம்.

சட்டம் வந்தபின் கடைகளில் என்ன நடக்கிறது? சங்க வேலையாக மதுரையிலும் திருநெல்வேலியிலும் கடை கடையாகப் போகிறேன். சில இடங்களில் மனம் நிறைகிறது. கவுண்டருக்குப் பின்னால் வரிசையாக ஸ்டூல், பெண்கள் உட்கார்ந்தபடியே ரவிக்கைத் துணி எடுத்துக் காட்டுகிறார்கள், வாங்குகிறவர்கள் யாரும் முகம் சுளிக்கவில்லை. வேறு சில இடங்களில் ஸ்டூல் இருக்கிறது, அதன்மேல் துணிக்கட்டு அடுக்கியிருக்கிறது. "இது யாருக்குப்பா?" என்று கேட்டால், "ஆபீசர் வந்தா காட்டுறதுக்கு அக்கா" என்கிறது ஒரு பிள்ளை. நான்கு பேருக்கு ஒரு ஸ்டூல் போட்டுவிட்டு முறை வைத்து உட்காரச் சொல்கிற கடையும் உண்டு. சட்டம் எல்லாருக்கும் என்றுதான் சொல்கிறது.

குறை எங்கே என்று யோசித்தால், மாநில அளவில் இருக்கிற மேசை கடைக்குள் இல்லை. தொழிலாளர் உதவி ஆய்வாளர் ஒருவர் எத்தனை கடைக்குப் போவார்? கடைக்குள்ளேயே பணியாளர்கள் தேர்ந்தெடுத்த இரண்டு பேர், முதலாளி தரப்பில் இரண்டு பேர், மாதம் ஒருமுறை உட்கார்ந்து பேசினால் துணிக்கட்டு ஸ்டூலை விட்டு இறங்கிவிடும். வாரியத்தில் எங்களுக்காகப் பேசுகிற சங்கத் தலைவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் கவுண்டருக்குப் பின்னால் நின்ற ஒரு பெண்ணாவது அங்கே உறுப்பினராக இருக்க வேண்டும். அவள் இருந்தால் அடுத்த கூட்டத்திலேயே கழிப்பறைக்குப் போகும் நேரத்தைப் பற்றிப் பேச்சு வரும். தண்ணீர் குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டுமே என்று தாகத்தோடு நிற்கிற பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். அதனால் வருகிற நீர்க்கடுப்பைப் பற்றி ஆண்கள் மட்டும் இருக்கும் கூட்டத்தில் யாரும் பேச்சை எடுக்க மாட்டார்கள்.

அதுவரை கடைப்பிள்ளைகளிடம் நான் சொல்லி வருவது இதுதான். உங்கள் மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்துக்கு மனு எழுதுங்கள். 'கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், பிரிவு 22-ஏ' என்று முதல் வரியிலேயே போடுங்கள். கடை முகவரி, எந்த மாடி, எத்தனை பேர் வேலை செய்கிறீர்கள், எத்தனை ஸ்டூல் இருக்கிறது, உட்கார்ந்தால் என்ன சொல்கிறார்கள் என்பதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுங்கள். சொந்தப் பெயரைப் போடத் தயக்கம் என்றால் எந்தச் சங்கத்தின் பெயரிலாவது கொடுங்கள், கொடி எந்த நிறம் என்று பார்க்க வேண்டாம். மனுவின் நகலில் அலுவலக முத்திரை வாங்கிக்கொள்ள மறக்காதீர்கள்.